கை நல்லது, மேசை பிழை: ஒன்லைன் போக்கரில் உட்காரும் இடத்தைச் சரிபார்க்கும் வழிமுறை

போக்கர் விளையாடத் தொடங்கிய பெடியள் என்னிடம் கேட்பதெல்லாம் கடதாசியைப் பற்றித்தான். ஏஸ்-கிங் வந்தால் எவ்வளவு ஏத்துறது, சின்ன ஜோடியோடு எதுவரை போறது, ஃப்ளஷுக்கு ஒரு கடதாசி குறைந்தால் கட்டலாமா என்று கேட்பார்கள். எந்த மேசையில் இருந்து விளையாடினாய் என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் வராது. ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ட வெற்றுக் கதிரையில் இருந்துவிடுகிறார்கள். காசு போகத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். போக்கரில் சைற் உங்களுக்குக் காசு தருவதில்லை. எதிரே இருப்பவர்தான் தர வேண்டும். உங்களைவிட மோசமாக விளையாடுகிற ஒருவராவது அந்த மேசையில் இல்லையென்றால், நீங்கள் படித்த எதுவும் அங்கே விலைபோகாது.

வன்னியில் 304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடாது. திருவிழா இரவிலோ செத்தவீட்டு இரவிலோ கடதாசிக்கு இருந்தால், எதிரே யார் என்பதை ஊர்தான் தீர்மானிக்கும். ஜாக் 30, ஒன்பது 20 என்று எண்ணுவதும், போன கடதாசியை ஞாபகம் வைத்திருப்பதும், துரும்பை எப்போது திறப்பது என்று யோசிப்பதும்தான் அங்கே திறமை. ஒன்லைன் போக்கரில் எதிராளியைத் தேர்ந்தெடுப்பதும் விளையாட்டுக்குள் அடக்கம். அதில் களவு எதுவும் இல்லை.

கீழே சொல்வது நோ-லிமிட் ஹோல்டம் காசு மேசைகளுக்கு மட்டும். சுற்றுப்போட்டிகளில் நடத்துபவர்கள் போட்ட கதிரையில்தான் இருக்க வேண்டும். விதிகள் உங்களுக்குத் தெரியும், வயது 18 தாண்டிவிட்டது, கட்டுகிற காசு முழுவதும் தொலைந்தாலும் வீட்டில் அடுப்பெரிவதில் வித்தியாசம் வராது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். மூன்றாவது உங்களுக்குப் பொருந்தாவிட்டால் நேரே கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: நல்ல கை வருகிறது, பெரிதாக எதையும் தோற்கவில்லை, ஆனாலும் காசு மெல்லக் கரைகிறது

முதலில் ரேக்கைப் பாருங்கள். பெரும்பாலான சைற்றுகள் ஒவ்வொரு பொட்டிலும் (நடுவில் சேரும் பந்தயக்காசில்) ஏறக்குறைய 5 வீதத்தை, ஒரு உச்ச வரம்புக்குள், தங்களுக்கு எடுத்துக்கொள்கின்றன. 5/10 சத மேசையில் (கடதாசி போட முன் இருவர் கட்டாயம் கட்டும் சின்ன பிளைண்ட் 5, பெரிய பிளைண்ட் 10 டொலர்ச் சதம்) ஆறு பேர் இருக்கிறார்கள், மணித்தியாலத்துக்கு 75 கை ஓடுகிறது, ஒரு கைக்குச் சராசரியாக 6 சதம் ரேக் போகிறது என்று வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் 4.50 டொலர் மேசையை விட்டு வெளியேறிவிடும். ஆறு பேரும் ஒரே திறமை என்றால் ஆளுக்கு 75 சதம் நட்டம். ஒருவரும் பிழை விடாமலே எல்லோரும் தோற்கிற மேசை அது. மெல்லக் கரைகிறது என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

அதனால் லொபியில், அதாவது மேசைகளின் பட்டியலில், மேசைப் பெயரைத் தொட்டு, உள்ளே போகாமல், ஒவ்வொருவர் முன்னாலும் எவ்வளவு இருக்கிறது என்று வடிவாகப் பாருங்கள். இரண்டு மேசைகளை அருகருகே வைத்துக் காட்டுகிறேன். இரண்டும் 5/10 சதம், ஆறு கதிரை. முதலாவதில் ஒரு கதிரை வெறுமை, இரண்டாவது நிரம்பிவிட்டது.

முதல் மேசை: 10.00, 10.00, 10.35, 10.00, 11.20. ஃப்ளொப் பார்ப்போர், அதாவது நடுவில் முதல் மூன்று பொதுக் கடதாசி விழும்வரை விலகாமல் இருப்போர், 18 வீதம்.

இரண்டாவது மேசை: 3.85, 10.00, 26.10, 6.40, 10.00, 10.00. ஃப்ளொப் பார்ப்போர் 41 வீதம். காத்திருப்போர் இருவர்.

பெரிய பிளைண்டின் நூறு மடங்கான 10 டொலரை முழுதாகக் கட்டி, ஒரு சதம் குறைந்தாலும் தானாக நிரப்பும் வசதியைப் போட்டு வைத்திருப்பவர் வழக்கமாக ரெகுலர், அதாவது நாளாந்தம் விளையாடுகிற தேர்ந்த ஆட்டக்காரர். முதல் மேசையில் ஐந்து பேரும் அப்படித்தான் தெரிகிறார்கள். அங்கே உங்களுக்குக் காசு தரப்போகிறவர் யார் என்று ஒரு விரலை நீட்டிச் சொல்ல முடியாது. இரண்டாவது மேசையில் 3.85 வைத்திருப்பவரும் 6.40 வைத்திருப்பவரும் தோற்றதை நிரப்பவில்லை. அவர்கள் பொழுதுபோக்க வந்தவர்கள். 26.10 வைத்திருப்பவர் கெட்டிக்காரரா, அன்றைக்குக் கடதாசி வந்தவரா என்பது பார்த்தால்தான் தெரியும். மேசை நல்லது என்று மற்றவர்களும் மோப்பம் பிடித்துவிட்டதால்தான் இருவர் காத்திருக்கிறார்கள். நீங்களும் பெயரைக் கொடுத்துவிட்டு, வெளியே இருந்தபடி இரண்டு மூன்று சுற்றுப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது சில விஷயங்கள்தான். ரெய்ஸ் பண்ணாமல் (பந்தயத்தை ஏத்தாமல்) பிளைண்டை மட்டும் கட்டி அடிக்கடி உள்ளே வருகிறவர் யார்? நடுத்தர ஜோடியோடு கடைசிக் கடதாசி வரை கோல் பண்ணிக்கொண்டே (மற்றவர் கட்டியதற்குச் சமமாகக் கட்டிக்கொண்டே) போகிறவர் யார்? பெரிய பொட்டுக்குள் 10 சதத்தை வைத்து பந்தயம் கட்டுகிறவர் யார்? புதிதாக இருந்தவுடன், பெரிய பிளைண்ட் தன்னிடம் சுற்றி வரும்வரை பொறுக்காமல் உடனே காசு கட்டி விளையாடத் துடிக்கிறவர் யார்? கடைசியில் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ரெகுலர்கள் தேவையில்லாமல் ஒரு பிளைண்டைக்கூடக் கட்டமாட்டார்கள், அதனால் இந்த அடையாளம் அனேகமாகப் பிழைப்பதில்லை.

ஃப்ளொப் பார்ப்போர் வீதத்துக்கு என் கணக்கு இது. ஆறு கதிரை மேசையில் 35க்கு மேல் என்றால் பாருங்கள், 20க்குக் கீழ் என்றால் கடந்து போங்கள். ஒன்பது கதிரை மேசையில் 25 இருந்தாலே நல்லது, ஏனென்றால் ஆள் கூடும்போது எல்லோரும் இயல்பாகவே இறுக்கமாக விளையாடுவார்கள். இந்த எண்களை லொபியில் காட்டாத சைற்றுகளும் உண்டு. அங்கே உங்கள் கண்தான் கணக்கு.

ஃபோல்ட் பண்ணிய (கையைக் கைவிட்ட) உடனே வேறு மேசைக்குத் தூக்கிப் போடும் வேக வகையில் விளையாடுகிறவர்களுக்கு இதில் எதுவும் பயன்படாது. ஃபுல் ரில்ற் என்ற சைற் 2010இல் தொடங்கிய முறை அது, போக்கர்ஸ்ரார்ஸ் சைற் 2012இல் கொண்டுவந்தது. அங்கே மேசையே இல்லை, தேர்வும் இல்லை. கரைவது நிற்க வேண்டுமென்றால் முதல் வேலையாக அதை விட்டு வாருங்கள்.

அறிகுறி: சராசரி பொட் பெரிதாக இருந்த மேசையாகப் பார்த்துத்தான் இருந்தேன், வழித்துத் துடைத்துவிட்டார்கள்

லொபியைச் சராசரி பொட் அளவில் வரிசைப்படுத்தி, மேலே வருகிற மேசையில் குதிப்பது கனபேருக்குப் பழக்கம். அந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஏமாற்றிவிடும். ஃப்ளொப் வீதத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பொட் பெரிது, ஃப்ளொப் பார்ப்போர் குறைவு என்றால், அங்கே இரண்டு மூன்று ரெகுலர்கள் ஒருவருக்கு மேல் ஒருவர் ரெய்ஸ் பண்ணிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். ஃப்ளொப் வருவதற்கு முன்பே 3 டொலர், 4 டொலர் பொட்டுக்குள் போய்விடும். நடுவில் நீங்கள் போனால் இரண்டு பக்கமும் இடிபடுவீர்கள். துடைத்தெடுத்த மேசை பெரும்பாலும் இந்த வகைதான்.

பொட் நடுத்தரம், ஃப்ளொப் பார்ப்போர் அதிகம் என்றால் எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிறார்கள், யாரும் அடிப்பதில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல மேசை இல்லை. நல்ல கை வந்தால் கட்டுங்கள், அவர்கள் கோல் பண்ணுவார்கள். அங்கே பொய் சொல்லி வெருட்டப் போகாதீர்கள். கோல் பண்ணுகிறவரை வெருட்ட முடியாது.

பொட்டும் பெரிது, பார்ப்போரும் அதிகம் என்றால் கண்மூடித்தனமாக அடிக்கிற ஒருவர் உள்ளே இருக்கிறார். இலாபமான மேசைதான், ஆனால் ஏற்ற இறக்கம் கடுமையாக இருக்கும். கையில் இருக்கும் மொத்தக் காசு அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பொட்டும் சிறிது, பார்ப்போரும் குறைவு என்றால் அதற்கு ஒரு வரி கூடத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. லொபி காட்டுவது கடந்துபோன கைகளின் கணக்கு. அந்தப் பெரிய பொட்டுகளை உருவாக்கிய ஆள் பத்து நிமிடத்துக்கு முன்பே எழும்பிப் போயிருக்கலாம். எண்ணைப் பார்த்த பிறகும் மேசையை ஒரு தடவை கண்ணால் பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

அறிகுறி: தாராளமாகக் காசு விடுகிற ஆள் மேசையில் இருக்கிறார், ஆனால் அவர் காசு எனக்கு வருவதேயில்லை

இது கதிரைப் பிழை. மேசை சரி, நீங்கள் இருக்கும் இடம்தான் சரியில்லை.

ஆட்டம் மணிக்கூட்டு முள் திசையில் நகர்கிறது. உங்கள் வலப்பக்கம் இருப்பவர் உங்களுக்கு முன் முடிவெடுக்கிறார், இடப்பக்கம் இருப்பவர் உங்கள் முடிவைப் பார்த்துவிட்டு எடுக்கிறார். அதனால் காசு விடுகிறவரும் கண்டபடி அடிக்கிறவரும் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். இறுக்கமாக விளையாடி அடிக்கடி ஃபோல்ட் பண்ணுகிறவர் இடப்பக்கம் இருந்தால் தொந்தரவில்லை.

மேலே சொன்ன 6.40 ஆளையே எடுங்கள். அவர் உங்களுக்கு உடனடி வலப்பக்கம். நீங்கள் பட்டனில் (ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம்), கையில் ஏஸ்-குயீன். அவர் 10 சதம் கட்டி உள்ளே வருகிறார். நீங்கள் 50 சதத்துக்கு ஏத்துகிறீர்கள், பிளைண்ட்கள் இரண்டும் ஃபோல்ட், அவர் கோல். பொட் 1.15. ஃப்ளொப் ஏஸ், 8, 3. அவர் செக் (ஒன்றும் கட்டாமல் விடுகிறார்), நீங்கள் 70 சதம், அவர் கோல். அடுத்த கடதாசி 6. அவர் செக், நீங்கள் 1.70, அவர் கோல். கடைசிக் கடதாசி 2. அவரிடம் மிச்சம் 3.50. நீங்கள் அதற்கு அளவாகக் கட்டுகிறீர்கள், அவர் கோல் பண்ணி ஏஸ்-ஒன்பதைக் காட்டுகிறார். அவருடைய 6.40 முழுவதும், ரேக் போக, உங்களிடம். நீங்கள் செய்த கெட்டித்தனம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் பேசினார், நீங்கள் கேட்டுவிட்டு முடிவெடுத்தீர்கள்.

அதே ஆளை இடப்பக்கம் வையுங்கள். அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே நீங்கள் ஏத்த வேண்டும். ஃப்ளொப்பில் பெரும்பாலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். நடுவில் அவர் திடீரென்று ரெய்ஸ் பண்ணினால், ஏஸ்-ஒன்பதா எட்டு மூன்றா என்று முழிக்க வேண்டும். இதைவிடப் பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரியாது. கிங்-ஜாக் போன்ற நடுத்தரக் கையோடு அவரைத் தனிமைப்படுத்தி விளையாடும் சந்தர்ப்பம் ஒவ்வொரு சுற்றிலும் அவருக்கு இடப்பக்கம் இருப்பவருக்குப் போகிறது.

திருத்தம் என்னவென்றால், அந்த ஆளுக்கு நேர் இடப்பக்கக் கதிரை வெறுமையாகும் வரை பொறுத்திருங்கள், ஆனவுடன் மாறுங்கள். கதிரை மாற்ற விடாத சைற்றில் எழும்பிப் போய்த் திரும்ப வரலாம். ஆனால் கொஞ்ச நேரத்துக்குள் திரும்பினால் கொண்டுபோன காசு முழுவதையும் மறுபடி வைக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. சைற்றே கதிரையை ஒதுக்குகிற இடமென்றால், பிழையான கதிரை கிடைத்த உடனே, முதல் பிளைண்ட் கட்டுவதற்கு முன்பே வெளியேறிவிடுங்கள். காசு எதுவும் போகாது.

அறிகுறி: எந்த மேசையைத் திறந்தாலும் அதே இறுகிய ஆட்கள்தான்

புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கிற தம்பி ஒருவர் வட்சப்பில் கேட்டார்.

“அண்ணை, எந்த மேசைக்குப் போனாலும் ஒருத்தனும் கோல் பண்ணுறானில்லை. சைற் பிழையோ?”

“எத்தினை மணிக்கு விளையாடுறாய்?”

“மத்தியானம். கடையில சனம் குறையேக்க.”

அதுதான் காரணம். இலங்கை நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன். எங்களுக்கு மத்தியானம் 12 என்றால் பாரிஸில் காலை 7.30 அல்லது 8.30, அமெரிக்கக் கண்டத்தில் நடுச்சாமம். வேலைக்குப் போகிறவர் எவரும் அந்த நேரத்தில் போக்கர் விளையாடமாட்டார். மேசையில் இருப்பவர்கள் இதையே வேலையாகச் செய்கிறவர்கள்.

வன்னியில் இந்த நேரக் கணக்கை யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. பாரிஸில் இருக்கிற சித்தப்பா வேலை முடித்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து கோல் எடுக்கிற நேரம் எதுவோ, அந்த நேரம்தான் ஐரோப்பியர்களால் மேசைகள் நிரம்புகின்றன. அவர்களுக்கு இரவு 7 முதல் 11 என்றால் கோடையில் எங்களுக்கு இரவு 10.30 முதல் 2.30. ஒக்ரோபர் கடைசி ஞாயிறில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்த பிறகு இரவு 11.30 முதல் 3.30. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் பொழுதுபோக்க வருகிறவர்கள் கூடுவார்கள்.

ஆனால் இரவு 2 மணிவரை முழித்திருந்து விளையாடு என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நித்திரை முழித்தவர்தான் அந்த மேசையில் பலவீனமான ஆள். அதைவிட நல்ல வழி விடியற்காலை. பிரேசிலில் இரவு 8 மணி எங்களுக்கு விடிய 4.30, கிழக்கு அமெரிக்கக் கரையின் இரவு 8 மணி எங்களுக்குக் காலை 5.30 அல்லது 6.30. வயலுக்குப் போகிறவர்கள் எழும்புகிற நேரம். வேளைக்குப் படுத்து, எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு, தெளிந்த தலையோடு ஒன்றரை மணித்தியாலம் விளையாடி, ஏழு மணிக்கு எழும்பி அலுவலுக்குப் போகலாம். மத்தியானத்தில் விளையாடும் மூன்று மணித்தியாலத்தைவிட அது மேல்.

தமிழ்நாட்டுக்காரரின் பழைய யூரியூப் வீடியோக்களைப் பார்த்து, மாலை 7 மணிதான் நல்ல நேரம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடியோக்கள் இந்திய சைற்றுகளைப் பற்றியவை. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியதும், அங்கிருந்த பெரிய சைற்றுகள் காசு மேசைகளை மூடிவிட்டன. அந்த ஆலோசனைக்கு இப்போது பயனில்லை.

அறிகுறி: நன்றாகப் போய்க்கொண்டிருந்த மேசை திடீரென்று வறண்டுவிட்டது

யார் எழும்பிப் போனார் என்று பாருங்கள். காசு விடுகிற அந்த ஒருவர் போயிருப்பார். பெரிய பிளைண்ட் உங்களிடம் வருவதற்கு முன் நீங்களும் எழும்புங்கள். பிளைண்டைக் கட்டிவிட்டு யோசிக்காதீர்கள்.

அறிகுறி: நல்ல கையோடு இருக்கும்போது இணைப்பு அறுந்து, கை தானாக ஃபோல்ட் ஆகிறது

ஏ9 வீதியை விட்டு உள்ளே, துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் விளையாடுகிறவர்கள் இதை மேசைத் தேர்வின் பகுதியாகவே எடுக்க வேண்டும். போக்கருக்கு அதிக டேட்டா தேவையில்லை. வீடியோ பார்க்கிற அளவில் சின்னப் பங்குதான் போகும். வேண்டியது அறாத இணைப்பு. வேகப் பரிசோதனையில் நல்ல எண் வருகிறது என்று நம்பாதீர்கள். அரை மணித்தியாலம் வட்சப் கோல் பேசிப் பாருங்கள், இடையில் குரல் விட்டு விட்டு வந்தால் போக்கரிலும் அப்படித்தான்.

விட்டு விட்டு வருகிற இடமென்றால், முடிவெடுக்கக் குறைந்த நேரம் தரும் வேக மேசைகளைத் தவிருங்கள். ஒன்பது கதிரை மேசையில் உங்கள் முறை வரக் கூடிய நேரம் எடுக்கும், ஒரே நேரத்தில் ஒரு மேசை மட்டும் என்றால் அறுந்தாலும் திரும்ப வந்து சேர அவகாசம் கிடைக்கும். ஒக்ரோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் மேசையை விட்டு எழும்பி, றவுட்டரின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கறன்ற் போன பிறகு போன் டேட்டாவுக்கு மாறி ஓடிவந்து விளையாடுகிறவர்கள், அந்த அவசரத்திலேயே மிச்சக் காசையும் விட்டதைக் கண்டிருக்கிறேன்.

அறிகுறி: இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தொடுவதில்லை, நான் போனால் மட்டும் இரண்டு பக்கமும் அடிக்கிறார்கள்

கூட்டுச் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அந்த இருவரும் எப்போதும் ஒரே மேசையில்தான் இருக்கிறார்களா? மூன்றாவது ஆள் உள்ளே இருக்கும்போது மாறி மாறி ரெய்ஸ் பண்ணி, அவர் ஃபோல்ட் பண்ணியவுடன் சத்தமில்லாமல் செக் பண்ணி முடிக்கிறார்களா? கடைசியில் காட்டும் கை அந்த ரெய்ஸுக்குத் தகுதியில்லாததா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாக்குவாதம் வேண்டாம். கை இலக்கங்களைக் குறித்து சைற்றுக்கு அறிவித்துவிட்டு எழும்புங்கள். தோற்ற ஆத்திரத்தில் எல்லோரையும் களவர் என்று சொல்வதும் பிழை. ஒரே ஒரு கையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒரே அளவு இடைவெளியில், ஒரே அளவுப் பந்தயத்தோடு, மணிக்கணக்காகச் சளைக்காமல் விளையாடுவது ஆளாக இல்லாமல் கணினி நிரலாகவும் இருக்கலாம். 2019இல் புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே வென்றது. நீங்கள் விளையாடும் சத மேசையில் இருப்பது அவ்வளவு கெட்டியானதாக இராது, ஆனாலும் அது உங்களுக்குக் காசு விடப்போவதில்லை. வேறு மேசை பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொரு இடத்தில் இருக்கிறது. வட்சப், ரெலிகிராம் குழுக்களில் ‘எங்கட கிளப்புக்கு வாங்கோ, மேசை எல்லாம் லேசு’ என்று கூப்பிட்டு, காசை ஒரு முகவரின் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். அங்கே காசை வைத்திருப்பது ஒரு தனி மனிதன். நீங்கள் வென்றதைத் தருவதும் தராததும் அவருடைய விருப்பம். எதிரே இருக்கும் மூன்று பேரும் அவருடைய ஆட்களாக இருந்தாலும் உங்களுக்குத் தெரியவராது. எவ்வளவு இலேசான மேசை என்று சொன்னாலும் போகாதீர்கள்.

பெயர்பெற்ற சைற் என்பதால் கண்ணை மூடவும் வேண்டாம். மற்றவர்களின் மறைந்த கடதாசியைப் பார்க்கும் கணக்குகள் அப்சொலூட் போக்கரில் 2007இலும் அல்ரிமேற்பெற்றில் 2008இலும் அம்பலமாயின. 2011 ஏப்ரல் 15 பெரிய போக்கர் சைற்றுகள் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டபோது, ஆட்டக்காரர்களின் காசைத் திருப்பிக் கொடுக்கும் அளவு ஃபுல் ரில்ற்றிடம் இருக்கவில்லை. பிறகு வேறு நிறுவனம் வாங்கித்தான் காசு திரும்பியது. எனவே மேசைக்குத் தேவையான அளவை மட்டும் சைற்றில் வைத்திருங்கள். புதிய சைற்றில் விளையாடிப் பழகுவதற்கு முன்பே ஒரு சிறு தொகையை எடுத்துப் பாருங்கள். கட்டுவது எல்லா இடத்திலும் ஒரு நிமிட வேலை. எடுக்கும்போதுதான் அடையாளப் பத்திரம், வங்கி விபரம், வெளிநாட்டுக் காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எல்லாம் வரும். அது சரிவராத இடத்தில் இலாபமான மேசை என்று ஒன்று கிடையாது.

அறிகுறி: மேசை, கதிரை, நேரம் எல்லாம் சரி, ஆனாலும் தோற்கிறேன்

இது பிழையே இல்லாமலும் இருக்கலாம். ஆறு கதிரை மேசையில் நூறு கைக்கு வரும் ஏற்ற இறக்கம், புள்ளிவிபரக்காரர் சொல்லும் நியம விலகலில், ஏறக்குறைய 90 பெரிய பிளைண்ட். ஆயிரம் கைக்கு அது 285 அளவில் வரும். அதாவது சரியாக விளையாடுகிற ஒருவர் ஆயிரம் கையில் மூன்று தடவை கட்டிய காசை இழப்பது சாதாரணம். 10,000 கைக்கு அது 900. நூறு கைக்கு 5 பிளைண்ட் வெல்கிற நல்ல ஆட்டக்காரர் அந்த 10,000 கையில் எதிர்பார்ப்பது 500தான். எதிர்பார்ப்பை விட ஏற்ற இறக்கம் பெரிது. ஒரு மேசையில் மணித்தியாலத்துக்கு 75 கை என்றால் 10,000 கைக்கு 130 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும்.

ஆகவே ஒரு கிழமை முடிவை வைத்து மேசைத் தேர்வு வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கொப்பியில் திகதி, நேரம், மேசையின் ஃப்ளொப் வீதம், காசு விடுகிறவர் எந்தப் பக்கம், ஏன் எழும்பினேன் என்று எழுதுங்கள். வென்றது தோற்றதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எழும்பிய காரணம் முக்கியம், அதில்தான் உங்கள் பழக்கம் தெரியும்.

மொத்தக் காசையும் பாருங்கள். ஒரு மேசைக்குக் கட்டுவதில் முப்பது மடங்காவது வைத்திருக்க வேண்டும். 1/2 சத மேசைக்கு அது 60 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் 18,000 ரூபா. 5/10 சத மேசைக்கு 300 டொலர், 90,000 ரூபா. இரண்டாவது தொகை வன்னியில் ஒரு குடும்பத்துக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். 1/2 சத மேசையில் இருப்பதில் ஒரு வெட்கமும் இல்லை, காசு விடுகிறவர்கள் அங்கேதான் கூட.

அறிகுறி: விட்ட காசைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே மேசை தேடுகிறேன்

இதற்கு மேசை இல்லை. மேலே எழுதியதில் ஒரு வரியும் உங்களுக்குப் பொருந்தாது.

அடையாளங்கள் தெளிவானவை. பெரும்போகத்துக்கு விதைநெல்லும் பசளையும் வாங்க வைத்த காசு, சீட்டுக்காசு, நுண்கடனில் எடுத்தது, அடைவு வைத்த நகையின் காசு, இவற்றில் ஒன்று மேசைக்கு வந்திருந்தால். 1/2 சதத்தில் தோற்றதைப் பிடிக்க 10/20 சதத்துக்கு ஏறியிருந்தால். வீட்டில் கேட்டால் தோற்ற தொகையைக் குறைத்துச் சொல்லத் தொடங்கியிருந்தால். கடன் காசோடு இருக்கிறவர் பயந்து ஃபோல்ட் பண்ணுவார், ஆத்திரத்தில் கோல் பண்ணுவார். அவர் எந்த மேசையில் இருந்தாலும், மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கிற அந்த ஆள் அவர்தான். வட்டி ஒவ்வொரு கிழமையும் வரும், போக்கரின் ஏற்ற இறக்கம் அதற்காகக் காத்திராது.

செய்ய வேண்டியவை வரிசையாக இவை. சைற்றின் அமைப்புகளுக்குள் போய் காசு கட்டும் வரம்பை மிகக் குறைந்த அளவில் வையுங்கள். பொறுப்பான பெரிய சைற்றுகளில் உங்களை நீங்களே விலக்கிவைக்கும் வசதியும் உண்டு; ஆறு மாதத்துக்குக் குறையாமல் தெரிவு செய்யுங்கள். மிச்சத்தை வங்கிக்கு எடுங்கள், ஆப்பை அழியுங்கள், அட்டை விபரத்தை போனிலிருந்து நீக்குங்கள். பிறகு வீட்டில் ஒருவரிடம், மனைவியோ அக்காவோ அப்பாவோ, உண்மையான தொகையைச் சொல்லுங்கள். கடன்காரனிடம் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் கடனை ஒழுங்குபண்ண இரண்டு தலை வேண்டும். மனம் தாங்கவில்லையென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.